பன்னிரண்டு தையல் போட்ட கழுதை

ஒரு காட்டில் மரங்களையெல்லாம் வெட்டி, அந்த இடத்தில் தார்ச்சாலை போட்டு, அதற்குப் ‘பசுமை வழி’ என்று பெயர்ப் பலகையும் நட்ட பிறகு, மிச்சமிருந்த விலங்குகளுக்கு உடம்பைப் பற்றிய கவலை வந்தது. புலி துரத்திய காலத்தில் எல்லாம் ஒல்லியாகத்தான் இருந்தன. சுற்றுலா வருகிறவர்களுக்குக் காட்டுவதற்காகப் புலியை வேலி போட்டு அடைத்தபின், ஓடக் காரணம் இல்லாமல் போயிற்று. தொந்தி விழுந்தது. ஆகவே சைக்கிள் வாங்கின.

சைக்கிள் வாங்கினால் போதுமா? கழகம் வேண்டாமா? ‘பசுமை வழி மிதிவண்டி நண்பர்கள் கழகம்’ பிறந்தது. கரடி தாண்டவராயன் தலைவர். உடும்பு பிச்சாண்டி செயலாளர். பிடித்த பதவியை அது விட்டதில்லை. இருபத்து மூன்று உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். இருபத்து நான்காவதாகச் சேர்ந்தது கழுதை சுடரொளி.

சுடரொளி என்பது அம்மா வைத்த பெயர் அல்ல. அம்மா வைத்தது குட்டியப்பன். சுடரொளி, இயக்கம் வைத்த பெயர். இயக்கம் போய்விட்டது, பெயர் மட்டும் நின்றது. கழுதைதான் பொதி சுமப்போர் சங்கத்தின் நிறுவனர், தலைவர், கடைசியில் ஒரே உறுப்பினர். ‘பாதிப் பொதியே போதும்’ என்று நாற்பத்தொரு நாள் போராடி வென்றது. வென்ற மறுநாள் முதலாளி ஒரு மினி லாரி வாங்கினார். அன்றோடு முதுகில் பொதியே இல்லை. இதைவிட முழுமையான வெற்றியை எந்தச் சங்கமும் கண்டதில்லை.

சும்மா இருந்ததில் முட்டி பிடித்துக்கொண்டது. சைக்கிள் மிதித்தால் சரியாகும் என்றார்கள். அப்படித்தான் அது கழகத்துக்கு வந்தது.

கழுதைக்கு ஒரு பழக்கம் உண்டு. மற்ற கழுதைகள் காகிதத்தைக் கண்டால் தின்னும். சுடரொளி படித்துவிட்டுத் தின்னும். சுவரொட்டி, துண்டறிக்கை, தீர்மான நகல், மாநாட்டு மலர் என்று அது செரித்த இலக்கியம் ஏராளம். பள்ளிக்கூடம் போகாத அதன் கல்வி முழுவதும் வயிற்று வழியாக வந்ததுதான்.

கழகத்துக்கும் ஒரு பழக்கம் இருந்தது. ஞாயிறு காலை சுற்றி வந்து, அருவி டீக்கடையில் இறங்கியதும், உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் நட்புடன் ஆலோசனை சொல்வார்கள். யார் வேண்டுமானாலும் சொல்லிவிட முடியாது. விழுந்து அடிபட்டுத் தையல் போட்டவருக்குத்தான் அந்த உரிமை. ஒரு தையலுக்கு ஒரு நிமிடம். தாண்டவராயனுக்கு முதுகில் பதினொரு தையல். ஆகையால் பதினொரு நிமிடம். யாருக்கு எத்தனை தையல் என்பதைப் பிச்சாண்டி ‘தழும்பேடு’ என்ற தடித்த நோட்டில் பதிந்து வைத்திருந்தது.

“தலைவரே, முட்டி வலிக்குது,” என்று காட்டுப்பன்றி கேட்கும்.

“சீட்டை ஒசத்து.”

“ஒசத்தினா இடுப்பு வலிக்குதே.”

“அப்ப எறக்கு.”

“எறக்கினா முட்டி வலிக்குதே.”

“ரெண்டுக்கும் நடுவுல வை. எது நடுவுன்னு தெரியறதுக்குத்தான் அனுபவம் வேணும்கிறது.”

காட்டுப்பன்றி நன்றி சொல்லி உட்காரும். சுடரொளியின் தலைக்கவசத்துக்குள் காது அடங்கவில்லை என்றபோதும் தலைவர் யோசனை வைத்திருந்தது.

“காதை மடக்கி உள்ள விடு.”

“மடக்கினா பின்னாடி வர்ற லாரிச் சத்தம் கேக்காதே.”

“தலைக்கவசம் போட்டுட்ட. அப்புறம் லாரி எதுக்குக் கேக்கணும்?”

எல்லாரும் கைதட்டினார்கள். சுடரொளிக்குப் பதில் சொல்ல நாக்கு துடித்தது. ஆனால் அது இன்னும் ஒரு தடவைகூட விழவில்லை. நாற்பது வருஷம் முதுகில் மூட்டையோடு வழுக்குப் பாறையில் நடந்த உடம்பு, விழ மறுத்தது. தையல் சைபர். எனவே கடைசிப் பெஞ்சுக்கும் பின்னால், எச்சில் டம்ளர் வைக்கிற இடத்தில் நின்றுகொண்டிருந்தது. ஆயிரம் பேர் கூட்டத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் பேசிய தொண்டை அது.

அதன் பக்கத்தில் வந்து நிற்கிற ஒரே உறுப்பினர் பெண் மிளாமான் வடிவு. அந்த நாற்பத்தொரு நாள் போராட்டத்தில் கழுதை உண்ணாவிரதம் இருந்தபோது, பந்தலுக்குத் தினமும் வந்தது வடிவு மட்டும்தான். வந்து, கழுதையின் எதிரிலேயே உட்கார்ந்து புல் தின்னும். ஆனாலும் வந்ததே! தோழர்கள் அதுகூட வரவில்லை. சுடரொளி அதை மறக்கவில்லை. உலகத்தில் அதற்கு மிச்சமிருந்த உறவு அது ஒன்றுதான்.

வடிவு ஒரு ஞாயிற்றுக்கிழமை புதுச் சைக்கிளோடு வந்தது. நகரத்திலிருந்து பெட்டியில் பாகம் பாகமாக வந்த வண்டி. எடை குறைவு, பளபளப்பு அதிகம். அடுத்த ஞாயிறு கழகத்தின் ஆண்டு விழா. ஆண்டுக்கொரு முறை வழுக்குப்பாறை இறக்கத்தில், மூன்று கொண்டை ஊசி வளைவு வழியாக எல்லாரும் பாய்ந்து இறங்குவார்கள். புது வண்டிக்காரர்தான் முதலில் இறங்க வேண்டும் என்பது மரபு.

தாண்டவராயன் பாகங்களைச் சேர்த்து வண்டியைப் பூட்டத் தொடங்கியது. பெட்டியிலிருந்து விழுந்த சிறு பிரசுரத்தை யாரும் பார்க்கவில்லை. சுடரொளி எடுத்தது. பதினான்கு மொழிகள். பதினோராவது தமிழ்.

‘முன் சக்கரத்தின் நடுவே உள்ள கொண்டியைத் திருகி இறுக்காதீர். தாழ்ப்பாளைப் போல மடக்கிப் பூட்டவும். தவறினால் ஓட்டத்தில் சக்கரம் கழன்று மரணம் நேரலாம்.’

சுடரொளி சொக்கிப்போனது. முன்னுரை இல்லை, வரலாறு இல்லை, அறைகூவல் இல்லை. தான் எழுதிய முந்நூறு துண்டறிக்கையில் ஒன்றுகூட இவ்வளவு சுருக்கமாக உண்மையைச் சொன்னதில்லையே என்று பொறாமைப்பட்டது. பிறகு வழக்கப்படி வாயில் போட்டு மென்றது.

மென்றுகொண்டே நிமிர்ந்து பார்த்தால், தாண்டவராயன் அந்தக் கொண்டியைத் தண்ணீர்க் குழாய்த் திருகுபோலச் சுற்றிச் சுற்றி முறுக்கிக்கொண்டிருந்தது. கரடியின் வண்டி பழங்காலத்து வண்டி. இரண்டு பக்கமும் மரை போட்டு முடுக்கியது. கொண்டி வைத்த வண்டியை அது அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறது.

“தலைவரே, அது திருகுறது இல்ல, மடக்குறது!” என்றது சுடரொளி.

பிச்சாண்டி தழும்பேட்டைப் புரட்டியது.

“சுடரொளி. தையல், சைபர். பேச்சு நேரம், சைபர் நிமிஷம்.”

“அச்சுல போட்டிருக்கு பிச்சாண்டி! நான் படிச்சேன்!”

“எங்க, காட்டு.”

சுடரொளியின் தாடை இன்னும் அசைந்துகொண்டிருந்தது. கடைசித் துணுக்கு தொண்டையில் இறங்குவதை இருபத்து மூன்று உறுப்பினர்களும் பார்த்தார்கள். காட்டுப்பன்றி சிரித்து டீயைக் கொட்டிக்கொண்டது.

திங்கட்கிழமை, சாலையோரப் புல்லில் சுடரொளி வடிவைத் தனியாகப் பிடித்தது.

“வடிவு, ஒரே ஒரு கொண்டி. தொறந்து மடக்கு. வேற ஒண்ணும் கேக்கலை.”

“அண்ணே, தலைவருக்குப் பதினொரு தையல். எனக்கே ரெண்டு. உங்களுக்கு ஒரு சிராய்ப்பாவது உண்டா?”

“நான் விழலை. அதனால இல்ல.”

“அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. விழாதவருக்கு விழறதைப் பத்தி என்ன தெரியும்?”

“விழாம இருக்கிறதைப் பத்தித் தெரியும் தங்கச்சி.”

“அது யாருக்கு வேணும்?” என்றது வடிவு. பிறகு அண்ணன் முகம் வாடியதைப் பார்த்துக் குரலைத் தணித்தது. “தப்பா நெனைக்காதீங்க. உங்களுக்கு எதுன்னாலும் எதிர்ப்புதான். சாலையோர மரத்துக்கு வெள்ளை அடிச்சப்பக்கூடக் கருப்புக் கொடி காட்டுனீங்க.”

அது உண்மைதான்.

செவ்வாய்க்கிழமை, வடிவு ஓடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கழுதை பூனைபோல வந்து கொண்டியைத் திறந்து, சரியாக மடக்கிப் பூட்டிவிட்டுப் போனது. தலைமறைவு வாழ்க்கையில் கற்றது வீண்போகவில்லை. பாட்டன் காலத்துப் பாரம் இறங்கியதுபோல இருந்தது.

புதன்கிழமை வண்டிச் சோதனை. தாண்டவராயன் குனிந்து பார்த்தது.

“எவனோ இதை மடக்கி வெச்சிருக்கான்! நாசவேலை!”

திறந்தது. ஏழு சுற்று முறுக்கியது. பிச்சாண்டி அதன்மேல் நூல் சுற்றி, அரக்கை உருக்கி ஊற்றிக் கழக முத்திரை வைத்தது. “இனி யார் தொட்டாலும் தெரிஞ்சுடும்,” என்றது. வடிவு இருவரையும் கும்பிட்டது.

இனி ஒரே வழிதான் இருந்தது. விழ வேண்டும். விழுந்து, தையல் போட்டு, தழும்பேட்டில் ஏறி, ஞாயிற்றுக்கிழமை இறக்கத்துக்கு முன் எழுந்து நின்று பேச வேண்டும். கொள்கைக்காகச் சிறை போனவர்கள் உண்டு. சிராய்ப்புக்காகச் சாலைக்குப் போன முதல் தோழர் சுடரொளிதான்.

விழுந்ததற்கு இரண்டு சாட்சி வேண்டும் என்பது விதி. மைல்கல் பக்கத்தில் இரண்டு குரங்குகள் உட்கார்ந்திருக்கும். நடந்தது நடக்காதது எதற்கும் சாட்சி சொல்வதே அவற்றின் தொழில். ஆளுக்கு ஒரு சீப்பு வாழைப்பழம் என்று பேசி அமர்த்தியது.

வியாழக்கிழமை காலை மணல் கிடக்கிற வளைவில் வேகமாகத் திரும்பியது. சக்கரம் வழுக்கியது. உடம்பு தானாகச் சாய்ந்து சமன் செய்துகொண்டது. குரங்குகள் முகம் சுளித்தன. கைப்பிடியை விட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டியது. வண்டி கோடு போட்டாற்போல நேராகப் போயிற்று. ஈரப் பாசியில் பிரேக் பிடித்தது. அழகாக நின்றது.

“என்னங்க, விழறதுக்குக் கூப்பிட்டுட்டு வித்தை காட்டுறீங்க?” என்றது ஒரு குரங்கு.

“நாங்க பாட்டுக்கு விழுந்தாருன்னு எழுதித் தந்துடறோமே. எதுக்கு சிரமம்?” என்றது மற்றது.

“பொய்ச் சாட்சியா? என்கிட்டயா?” என்று சீறிய சுடரொளி, ஆத்திரத்தில் வண்டியைத் திருப்பி, மைல்கல்லையே பார்த்து மிதித்தது. கல்லும் வாயும் சந்தித்தன. வானம் ஒரு தடவை கீழே வந்துவிட்டுப் போயிற்று.

குரங்குகள் கைதட்டின.

நலவாழ்வு மையத்தில் தையல்சிட்டு ரஞ்சிதம் வேலையில் இருந்தது. இலையைச் சேர்த்துத் தைத்துக் கூடு கட்டுகிற சாதி. உதட்டைத் தைப்பது அதற்கு ஒரு வேலையா? மளமளவென்று தைத்து நூலை முடிச்சுப் போட்டது.

“பத்து தையல். முடிஞ்சுது. வாய் ஓரமா கொஞ்சம் தொறக்கலாம், கஞ்சி குடிக்கலாம், மெதுவாப் பேசலாம்.”

பத்து! தாண்டவராயனுக்குப் பதினொன்று. ஒன்று குறைகிறது. காரியத்துக்குப் பத்தே தாராளம் என்று சுடரொளிக்குத் தெரியும். ஒரு வாக்கியம் சொல்வதற்குப் பத்து நிமிடம் எதற்கு? ஆனாலும் ஒரு கரடிக்கு அடுத்த இடத்தில் தன் பெயரா? குளம்பைத் தரையில் இரண்டு தடவை தட்டியது.

“இன்னும் ரெண்டா? தேவையே இல்லீங்களே.”

மறுபடி இரண்டு தட்டு.

ரஞ்சிதம் தோளைக் குலுக்கிவிட்டு இன்னும் இரண்டு போட்டது. திறந்திருந்த ஓரமும் அடைபட்டது.

“இப்ப வாயைத் தொறக்கவே முடியாது. பத்து நாளைக்கு ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினா தையல் பிரியும். பிரிஞ்ச தையலை உங்க கழகத்துல சேத்துக்க மாட்டாங்களாம், பிச்சாண்டி சொல்லியிருக்காரு.”

பேசும் உரிமை கிடைத்தது. வாய் போயிற்று. சுடரொளி கண்ணாடியில் தன் முகத்தைப் பார்த்தது. வாயைத் தைத்துவிட்டு உரிமையைக் கொடுக்கிற உபாயத்தை எந்த அரசாங்கமும் இதுவரை கண்டுபிடிக்கவில்லையே, நாமே கண்டுபிடித்துத் தொலைத்தோமே என்று நினைத்துக்கொண்டது.

வெள்ளியும் சனியும் வரிசையில் போயின. தழும்பேட்டில் ஏறப் படிவம் ஏழு. விழுந்தவர் பெயர், தந்தை பெயர், விழுந்த இடம், விழுந்தபோது வண்டி மேலே இருந்ததா அவர் மேலே இருந்தாரா. குரங்குகள் வாலை மையில் தோய்த்து ரேகை வைத்தன. ‘விழுந்த காரணம்’ என்ற கட்டத்தில் சுடரொளி ‘மக்கள் நலன்’ என்று எழுதியிருந்தது. பிச்சாண்டி படிவத்தைத் திருப்பித் தள்ளியது.

“அப்படி ஒரு காரணம் பட்டியல்ல இல்ல. மணல், ஈரம், நாய், கவனக்குறைவு. நாலுல ஒண்ணைக் குறிச்சுட்டு மறுபடி வரிசைக்கு வா.”

மணல் பொய். ஈரம் பொய். நாய் பொய். நாற்பது வருஷம் கால் தவறாத கழுதை, பல்லைக் கடிக்கவும் முடியாமல், ‘கவனக்குறைவு’ என்பதில் குறியிட்டது. சனி மாலை, தழும்பேட்டின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் ஏறியது: சுடரொளி, பன்னிரண்டு. தாண்டவராயன் அதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு யாருடனும் பேசவில்லை.

வாய் இல்லாவிட்டால் என்ன, எழுத்து இருக்கிறதே? சுடரொளி ஓர் அறிக்கை எழுதியது. ‘கொண்டியை மடக்கு’ என்று இரண்டு வார்த்தை எழுதியிருந்தால் வேலை முடிந்தது. ஆனால் கை பழகிய கை. ‘உழைக்கும் விலங்குகளே!’ என்று தொடங்கியது. முதல் பக்கம் காட்டின் வரலாறு. இரண்டாம் பக்கம் பொதி சுமப்போர் போராட்டத்தின் படிப்பினைகள். மூன்றாம் பக்கத்தின் அடியில் கொண்டி வந்தது. நான்காம் பக்கம் முழக்கங்கள்.

ஞாயிறு காலை, வழுக்குப்பாறை உச்சியில் கழகம் கூடியது. பந்தோபஸ்துக்கு யானை ஏட்டு வந்திருந்தது. கொடி ஏற்றினார்கள். வடிவு புது வண்டியோடு முன்வரிசையில் நின்றது. சுடரொளி அறிக்கையை அதன் கையில் திணித்தது.

“பெருசா இருக்கே அண்ணே,” என்றது வடிவு, மடித்துச் சீட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டே. “கீழ எறங்கி டீ குடிக்கறப்ப படிக்கிறேன், சத்தியமா.”

“முதல் ஆலோசனை, பன்னிரண்டு தையல் சுடரொளி அவர்கள்,” என்று பிச்சாண்டி அறிவித்துக் கடிகாரத்தைப் பார்த்தது. “பன்னிரண்டு நிமிஷம்.”

சுடரொளி எழுந்து நின்றது. “ம்ம்ம்,” என்றது. “ம்ம்! ம்ம்ம்ம்!” குளம்பால் வடிவின் முன் சக்கரத்தைக் காட்டியது. கொண்டியைக் காட்டியது. மடக்கிக் காட்டுவதுபோல முன்னங்காலை மடக்கி மடக்கி நீட்டியது.

“முத்திரை நல்லா இருக்குங்கறாரு,” என்றது பிச்சாண்டி.

“முட்டிக்குப் பயிற்சி சொல்லித் தர்றாரு,” என்று காட்டுப்பன்றி தானும் காலை மடக்கி நீட்டியது. பார்த்த மற்றவர்களும் செய்தார்கள். பன்னிரண்டு நிமிடமும் இருபத்து மூன்று விலங்குகள் முன்னங்காலை மடக்கி மடக்கி நீட்டின. மணி அடித்ததும் பலத்த கைதட்டல். இந்தக் கழகத்தில் இதுவரை யாரும் இவ்வளவு ஆழமாகப் பேசியதில்லை என்றது காட்டுப்பன்றி. அதன் கண் கலங்கியிருந்தது.

தாண்டவராயன் பச்சைக் கொடியைத் தூக்கியது. வடிவு மிதிக்கட்டையில் கால் வைத்தது. கீழே மூன்று வளைவு, மூன்றாவதன் விளிம்பில் தடுப்புச் சுவர் இல்லை, அதற்கு அப்பால் பள்ளம்.

சுடரொளிக்கு இனி மிச்சமிருந்தது ஒரே ஆயுதம். இளமையில் கற்றது. ஓடிப்போய் நடுச்சாலையில், வடிவின் சக்கரத்துக்கு ஒரு முழத்துக்கு முன்னால், நான்கு காலையும் நீட்டிப் படுத்துவிட்டது. மறியல்.

“அண்ணே! என்ன இது, எழுந்திரிங்க!”

“ம்ம்,” என்றது சுடரொளி. ‘மாட்டேன்’ என்று அர்த்தம்.

“பாருங்க, பன்னிரண்டு தையல் போட்டதும் தலைக்கனம் ஏறிடுச்சு,” என்றது தாண்டவராயன். “முதல்ல எறங்கணும்னு ஆசை. நேராச் சொல்றதுதானே?”

“என் முறை அண்ணே, என் புது வண்டி,” என்று வடிவு காலை உதைத்தது. “ஒரு நாள், ஒரே ஒரு நாள் எனக்கு நல்லது நடக்கவிட மாட்டீங்களா? எங்க போனாலும் போராட்டந்தானா?”

அது குத்தியது. முட்களிலேயே படுத்த உடம்புதான். என்றாலும் அது குத்தியது. சுடரொளி கண்ணை மூடிக்கொண்டு, எழாமல் கிடந்தது.

யானை ஏட்டு தும்பிக்கையால் தூக்கிப் பார்த்தது. நாற்பத்தொரு நாள் படுத்துப் பழகிய கழுதை. தூக்கத் தூக்கக் கனத்தது. “மனு எழுதிக் குடுங்க, மேலதிகாரியைக் கேட்டுத்தான் இழுக்க முடியும்,” என்று ஏட்டு ஒதுங்கிக்கொண்டது.

“எதுக்கு மனு?” என்றது தாண்டவராயன். “வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சாப் போச்சு.”

வடிவை இறங்கச் சொல்லி, கைப்பிடியைப் பிடித்து வண்டியைத் தலைக்கு மேல் தூக்கி, கழுதையைத் தாண்டியது கரடி.

மேட்டில் ஏறி வந்ததிலேயே குலுங்கிக் குலுங்கி அந்த ஏழு சுற்றும் தளர்ந்திருந்தன. அரக்கு முத்திரை ‘டப்’ என்று உடைந்தது. முன் சக்கரம் கழன்று, கழுதையின் வயிற்றில் ஒரு தடவை துள்ளி, சாலையில் இறங்கி, தானாக ஓடத் தொடங்கியது. முதல் வளைவில் கல்லில் மோதித் திரும்பியது. இரண்டாவதில் எப்படியோ திரும்பியது. மூன்றாவதில் திரும்பவில்லை. விளிம்பைத் தாண்டி வெயிலில் ஒரு கணம் மின்னிவிட்டு மறைந்தது. அது அடியில் போய் விழுந்த ஓசை வர நெடுநேரம் ஆயிற்று.

வடிவு முன் சக்கரம் இல்லாத வண்டியைப் பார்த்தது. பள்ளத்தைப் பார்த்தது. பிறகு கீழே கிடந்த கழுதையைப் பார்த்தது. அதன் கண்ணில் ஏதோ ஒன்று துளிர்த்தது. இன்னும் ஒரு நொடி கிடைத்திருந்தால் அது வார்த்தையாகியிருக்கும்.

தலைவர்கள் தலைவர்களாவது அந்த ஒரு நொடியில்தான்.

“பார்த்தீங்களா!” என்று கர்ஜித்தது தாண்டவராயன். “சும்மா போற வண்டியை மறிச்சு, தூக்க வெச்சு, சக்கரத்தையே கழட்டிட்டான்! தரையில இருந்தவரைக்கும் கழண்டுச்சா? நீங்களே சொல்லுங்க!”

“கழலலை!” என்றார்கள் எல்லாரும். அதுவும் உண்மைதானே.

“புதுச் சக்கரம் அண்ணே,” என்று வடிவு அழுதது.

சுடரொளியால் பொறுக்க முடியவில்லை. எழுந்தது. வாயைத் திறந்தது. நூல் ஒவ்வொன்றாகத் தெறிக்க, தாடையில் ரத்தம் வழிய, காடு அதிரக் கத்தியது:

“இதைத்தாண்டா ஒரு வாரமா சொன்னேன்!”

பிச்சாண்டி கிட்டே வந்து, நாக்கை நீட்டி நீட்டி எண்ணியது. “பன்னிரண்டும் பிரிஞ்சுடுச்சு. சைபர். இப்ப பேசினது கணக்குல வராது.” அந்த வாக்கியம் நடவடிக்கைக் குறிப்பிலிருந்து நீக்கப்பட்டது.

பொதுவழியில் படுத்ததற்காக யானை ஏட்டு சுடரொளியைச் சாவடிக்குக் கொண்டுபோய் அடைத்தது. அன்று மாலையே கழகத்தின் அவசரக் கூட்டம். இரண்டு தீர்மானம். நன்றாக இருந்த சக்கரத்தைக் கழல வைத்த சுடரொளியை நீக்குவது, ஒன்று. தளர்ந்திருந்த சக்கரத்தை இறக்கத்துக்கு முன்பே கண்டுபிடித்து, வடிவின் உயிரைக் காத்த தலைவர் தாண்டவராயனைப் பாராட்டுவது, இரண்டு. இரண்டும் ஒரே மூச்சில் ஒருமனதாக நிறைவேறின. கரடிக்குச் சாமந்தி மாலை போட்டார்கள். வடிவே போட்டது. புதுச் சக்கரத்துக்குக் கொண்டியே வேண்டாம், பழைய மாதிரி இரண்டு பக்கமும் மரை போட்டு முடுக்கு என்று தலைவர் கண்டுபிடித்துச் சொன்னது. அதற்குத் ‘தாண்டவராயன் முறை’ என்று பெயர் வைத்து, நோட்டீசும் அடித்தார்கள்.

மறுநாள் சாவடிக் கம்பி வழியாகச் சுடரொளி சாலையைப் பார்த்துக்கொண்டு நின்றது. வடிவு, புதுச் சக்கரம் மாட்டுவதற்காக வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தது. சாவடிப் பக்கம் வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நடையை எட்டிப் போட்டது.

சுடரொளி கம்பியில் நெற்றியை அழுத்திக்கொண்டு, அந்தக் கால்களை எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. சரியாக எண்ணினோமா என்று சந்தேகம் வந்து மறுபடி எண்ணியது. நான்கும் இருந்தன. ஒன்றுகூட நொண்டவில்லை. சாலை வளைந்து வடிவு மறைகிறவரை அது எண்ணிக்கொண்டே இருந்தது. பிறகு, தாண்டவராயன் முறை நோட்டீசைச் சாவடிச் சுவரிலிருந்து கிழித்து, படித்துப் பார்க்காமலே தின்றது.

நீதி: நண்பர் விழுகிறவரை பொறுத்திருந்து, பிறகு தூக்கிவிடுங்கள், மாலை கிடைக்கும். விழாமலே தடுத்தீர்களானால் வழக்குதான் கிடைக்கும்.